குளுக்கோமீட்டரை வைத்து உடம்பின் பின்னூட்டத்தைப் பார்ப்பது எப்படி?

எதிர்மறைப் பின்னூட்டம் (ஏதாவது ஏறினால் உடம்பே அதை இறக்கி, இறங்கினால் ஏற்றி, சமனாக வைப்பது) என்று புத்தகத்தில் படித்தால் தூக்கம்தான் வரும், அதனால் ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு குளுக்கோமீட்டரை எடுங்கள். மீட்டரை இரவல் வாங்கினால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஆனால் ஊசியும் அதைக் குத்தும் பேனாவும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றில், சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள் (நடுவில் குத்தினால் வலி அதிகம்). சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பொதுவாக 70 முதல் 100 வரை (mg/dL அளவில்) காட்டும். சரி, இப்போது நாலு இட்லி. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். ஏறிய எண், பெரும்பாலும் இரண்டாவது மணியில் 140க்குக் கீழே வந்திருக்கும்.

இறக்கியது யார்? கணையத்தின் பீட்டா செல்கள் சர்க்கரை ஏறியதை உணர்ந்து இன்சுலினை விட, தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள, கல்லீரல் கொஞ்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. இங்கேதான் விஷயமே இருக்கிறது: சர்க்கரை இறங்க இறங்க, இன்சுலினும் தானாகக் குறைகிறது. ரொம்ப இறங்கினால் அதே கணையத்தின் ஆல்ஃபா செல்கள் குளுகோகான் என்ற ஹார்மோனை விடும், கல்லீரல் சேமிப்பை உடைத்துக் கொடுக்கும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்கியும் காலையில் மயங்கி விழாமல் எழுந்திருப்பது இதனால்தான்.

வெறும் வயிற்றிலேயே 126ஐத் தாண்டினால் சோதனையை விட்டுவிட்டு லேபில் ரத்தம் கொடுத்து டாக்டரைப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இதற்காக வேளையை மாற்ற வேண்டாம்.