முதல் தாதிய ஆய்வு: விடுதியில் எழும் கேள்வியிலிருந்து வினாக்கொத்து வரை

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தாதிய மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கணினியைத்தான் திறக்கிறார்கள். அங்கே கிடைப்பது வேறு யாருடையதோ கேள்வி. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியிலோ, குடும்பநல உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போன களப்பயிற்சியிலோ உங்களை உறுத்திய ஒன்று இருக்கும். அதை எடுங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"தாய்ப்பாலூட்டல் பற்றிய ஆய்வு" என்று எழுதினால் ஆயுள் முழுவதும் செய்யலாம். யார், எங்கே, எதை அளக்கப்போகிறோம் என்ற மூன்றும் ஒரே வசனத்தில் வரவேண்டும்: "ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரில் எத்தனை வீதமானோர் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்கள்?" இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

2. ஏற்கெனவே வந்தவற்றைப் படியுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பதினைந்து கட்டுரைகளை ஆழமாகப் படித்தால் தொடங்குவதற்குப் போதும். ஒவ்வொன்றிலும் எப்படிக் கேட்டார்கள், எப்படி அளந்தார்கள் என்பதைத் தனித்தாளில் குறித்து வையுங்கள்.

3. எத்தனை பேர் வேண்டும்?

முந்திய ஆய்வுகளில் கண்ட வீதம் தெரியாதபோது 50 வீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 95 வீத நம்பிக்கை மட்டமும் 5 வீத வழுவும் (உண்மை வீதத்திலிருந்து கூடியோ குறைந்தோ விலகக்கூடிய அளவு) வைத்துக் கணக்கிட்டால் 384 பேர் வரும். பத்தில் ஒருவர் பதில் தராமல் போகலாம் என்று கருதினால் 427. உங்கள் பிரிவில் அப்படிப்பட்ட தாய்மாரே 300 பேர்தான் என்றால், சிறிய தொகைக்கான திருத்தத்தின் பின் அந்த 384 என்பது 169 ஆகக் குறையும். இந்தக் கணக்கை மேற்பார்வையாளரிடம் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

4. வினாக்கொத்து

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். என் முதல் முன்னோடிச் சோதனையில் (முதன்மை ஆய்வுக்கு முன் சிலரிடம் வினாக்கொத்தைக் கேட்டுப்பார்ப்பது), "பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். "ஓம், பால் மட்டும்தான்" என்றார் தாய். திண்ணையில் இருந்த அம்மம்மா, "விக்கல் எடுத்தால் சுடுதண்ணீர் இரண்டு கரண்டி பருக்குவோம்" என்றார். தாய் பொய் சொல்லவில்லை. தண்ணீரை அவர் உணவாகக் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலோ தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்), மருந்து, விற்றமின், கனியுப்புத் துளிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. என் கேள்வி அப்படியே போயிருந்தால் முழு ஆய்வும் பிழையாகியிருக்கும்.

அதனால் இப்படி மாற்றினேன்: "நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும் வரை பிள்ளையின் வாயில் என்னென்ன பட்டது?" பிறகு தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், பால்மா, தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆறு மாதமும் எப்படி என்று கேட்டால் நினைவு தடுமாறும். நேற்றைய நாள் தெளிவாக இருக்கும்.

உங்கள் ஆய்வு தாயின் மனநிலையைப் பற்றியது என்றால், அதை அளக்கும் கருவிகளில் இன்னும் கவனம் வேண்டும். எடின்பரோ பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு அளவுகோலில் 10 கேள்விகள் உள்ளன. மொத்தப் புள்ளிகள் 30. சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மொழிபெயர்க்க நேர்ந்தால், ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். எங்கள் ஊரில் "யோசனையாக இருக்கிறது" என்றால் கவலை என்று பொருள். சிந்திப்பது என்று எண்ணிக்கொண்டு அந்தச் சொல்லை வினாக்கொத்தில் போட்டால், தாய் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். தமிழில் மருத்துவத்தைச் சொல்ல முடியாது என்போருக்கு ஒன்று: 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்.

அந்த அளவுகோலின் பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் பற்றியது. "ஆம்" என்று ஒரு தாய் சொன்னால் அன்றைக்கே யாரிடம் அழைத்துச் செல்வீர்கள் என்பதை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதுங்கள். எழுதாமல் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

5. அனுமதி

ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு தாயிடமும் தரவு எடுக்கக்கூடாது. முன்னோடிச் சோதனைக்கும் இதுவே விதி. வைத்தியசாலையில் பணிப்பாளரின் அனுமதியும், களத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி ஆகியோரின் அனுமதியும் வேண்டும். சம்மதம் கேட்கும்போது தாதியச் சீருடையில் போகாதீர்கள். சீருடையைக் கண்டால் "மாட்டேன்" என்று சொல்லத் தாய்மார் தயங்குவார்கள். மறுத்தாலும் கவனிப்பு குறையாது என்பதை வாயாலும் சொல்லுங்கள், தாளிலும் கொடுங்கள்.

6. களமும் கணக்கும்

வினாக்கொத்தைப் பத்துத் தாய்மாரிடம் சோதித்துத் திருத்துங்கள். அவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்க வேண்டாம். மாமியார் பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். "பிள்ளையைக் கொஞ்சம் வைத்திருங்கோ அம்மா" என்று அவரிடம் கொடுத்துவிட்டுத் தாயைத் தனியே கேட்பது நல்லது. தாளில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் வேறு அலுமாரியில் பூட்டியிருக்கட்டும். அன்றன்றைய தாள்களை அன்றிரவே எக்செலில் பதியுங்கள். விடுபட்ட பதில் அப்போதுதான் கண்ணில் படும்.

7. முடிவைத் திருப்பிக் கொடுங்கள்

அறிக்கை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும். அதோடு, கண்டறிந்ததை ஒரே பக்கத் தமிழில் எழுதி, உங்களை ஒழுங்கை ஒழுங்கையாக அழைத்துச் சென்ற குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அடுத்த தாய்மார் வகுப்பில் தண்ணீர் பற்றி என்ன சொல்வது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.