ஆதிக் கிறிஸ்தவர்கள் மருந்தைத் தொடவே இல்லையா? பலரும் சறுக்கும் இடங்கள்

"ஆதித் திருச்சபையில் மருந்தே கிடையாது, ஜெபம் மட்டும்தான்." இதைச் சில பிரசங்கிகள் பெருமையாகச் சொல்கிறார்கள், கிறிஸ்தவத்தைக் கிண்டல் செய்பவர்களும் சொல்கிறார்கள். இரு தரப்புமே வரலாற்றைச் சரியாகப் பார்க்கவில்லை.

முதல் சறுக்கல், ஒரே வசனத்தைப் பிடித்துக்கொள்வது. பெரும்பாடுள்ள (ஓயாத உதிரப்போக்குள்ள) ஒரு பெண், வைத்தியர்களிடம் காசையெல்லாம் தொலைத்தும் குணமாகவில்லை என்கிறது மாற்கு 5. பல டாக்டர்களிடம் அலைந்தவர்களுக்கு அந்தச் சலிப்பு புரியும். ஆனால் வைத்தியம் பாவம் என்ற போதனை அதில் இல்லை. அதே புதிய ஏற்பாட்டில்தான் லூக்கா 'பிரியமான வைத்தியன்'. நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான்.

அதற்காக மறுபக்கம் சாயவும் வேண்டாம். யாக்கோபு 5:14 நோயாளிக்குப் பூசச் சொல்லும் எண்ணெய் 'அந்தக் காலத்து மருந்துதான்' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் மருந்தாகப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வசனம் வரவழைக்கச் சொல்வது சபையின் மூப்பர்களை, வைத்தியரை அல்ல. பூசச் சொல்வதும் கர்த்தருடைய நாமத்தில்.

அடுத்து, தாத்தியான். 2ஆம் நூற்றாண்டில் மருந்துகளைச் சாடி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர். மருந்தை நம்புகிறவன் கடவுளை ஏன் நம்பக்கூடாது என்பது அவர் வாதம். இவரை மட்டும் மேற்கோள் காட்டி 'ஆதித் திருச்சபையின் நிலைப்பாடு' என்று எழுதிவிடுகிறார்கள். பிற்காலத்தில் கடும் துறவுக் கொள்கைக்காகத் திருச்சபையே அவரை ஒதுக்கியது. அவர் காலத்திலேயே, கி.பி. 177 வாக்கில், இன்றைய பிரான்சில் உள்ள லியோனில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களில் அலெக்சாந்தர் என்ற மருத்துவரும் ஒருவர்.

4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் (இன்றைய துருக்கியில்) செசரியாவில் ஆயராக இருந்த பசிலியார், துறவிகள் மருந்து சாப்பிடலாமா என்ற கேள்விக்கே நீண்ட பதில் எழுதினார். பயிர்த்தொழில் போல வைத்தியமும் கடவுள் தந்த கலை என்பது அவர் கருத்து. பழைய ஏற்பாட்டு எசேக்கியா ராஜா அத்திப்பழத்து அடையை வைத்துக் குணமானாலும், சுகம் தந்தது அடைதான் என்று நினைக்கவில்லை என்றும் நினைவூட்டுகிறார். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு அவர் கட்டிய பெரிய இல்லம் பிரபலம். ஆனால் அதை மட்டும் சொல்லி அவரை இக்கால மனிதராக்கிவிடக் கூடாது. பாவத்துக்குத் தண்டனையாக வரும் நோய்களில் மருந்தைத் தேடாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பதிலில் எழுதியவர் அவர்.

அப்புறம், வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் தான் நேரில் கண்டதாக எழுதிய கதை. கார்த்தேஜில் இன்னொசென்சியுஸ் என்பவருக்குப் பவுத்திரம். ஒரு முறை அறுத்தும் ஒன்று ஆழத்தில் மிச்சம். திரும்ப அறுக்க வேண்டும் என்று முன்பே எச்சரித்த வீட்டு வைத்தியரைக் கோபத்தில் விரட்டிவிட்டார். கடைசியில் பேர்பெற்ற அலெக்சாந்திரிய நிபுணரும் அதையேதான் சொன்னார். அறுவைக்கு முந்தைய இரவு இன்னொசென்சியுஸ் தரையில் விழுந்து கதறி ஜெபித்ததைக் கண்ட அகஸ்டினுக்கு ஜெபமே வரவில்லையாம். இந்த ஜெபத்தைக் கேட்காவிட்டால் வேறு எதைக் கேட்பீர் என்று மனசுக்குள் சொன்னதோடு சரி. மறுநாள் கட்டைப் பிரித்தால், புண் ஆறித் தழும்பு இருந்தது.

இதை எடுத்துச் சொல்லும்போது பலரும் வைத்தியர்களைக் கதையிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். அகஸ்டின் அப்படிச் செய்யவில்லை. அறுக்கக் கத்தியோடு வந்தவர்தான் துழாவிப் பார்த்து, புண் ஆறியதைக் கண்டுபிடிக்கிறார்.