மீட்கப்பட்ட நாயையும் பூனையையும் வீட்டுக்கு அழைத்து வரும் முறை

சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்குச் செல்பவர்களின் கண் முதலில் குட்டிகளின் மீதே விழுகிறது. ஆனால் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு, சுபாவம் ஏற்கெனவே தெரிந்த, இரண்டு மூன்று வயதான நாயே பொருத்தமானது என்பது என் கருத்து. குட்டிக்கு நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும். அந்த நாட்களில் செருப்பும் நாற்காலிக் காலும் குழந்தையின் கைவிரலும் அதற்கு ஒன்றுதான்.

காப்பகத்தாரிடம் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றின் தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காதின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அது காயமன்று. கருத்தடை முடிந்த தெருநாய்க்கு இடப்படும் அடையாளம். உங்கள் வீட்டில் அண்மையில் ஏதேனும் குட்டி பார்வோ என்னும் தொற்றுநோயால் இறந்திருந்தால், அக்கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும் என்பதால், தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அங்கே கொண்டு வரவே கூடாது. நம் ஊரில் நாய்களுக்கு உண்ணி கடித்து வரும் காய்ச்சல் மிகுதி. எனவே வந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை தேவையா எனக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாள் உற்றார் உறவினரை அழைத்துக் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த நாட்டு நாய் இரண்டு நாட்கள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. வைத்த சோற்றை நள்ளிரவில், விளக்கணைந்த பிறகுதான் தின்றது. அதைச் சாது என்று நினைத்தோம், அது பயம் என்று பின்னரே புரிந்தது. நாயின் உண்மையான குணம் வெளிப்பட மூன்று வாரங்களாவது ஆகும். அதுவரை அது உண்ணும்போதும் உறங்கும்போதும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூனைக்கு முழு வீட்டையும் முதலிலேயே திறந்துவிடக் கூடாது. ஓர் அறையில் தண்ணீர், உணவு, அவற்றிலிருந்து தள்ளி ஒரு மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றை வைத்து, அதுவாக வெளியே வரும்வரை விட்டுவிடுங்கள். நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பெரிதில்லை. பூனை இரண்டு நாட்கள் தொடர்ந்து உண்ணாவிட்டால் கல்லீரல் கெடக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பால் சோறும் தயிர் சோறும் மட்டும் பூனைக்குப் போதா, அது இறைச்சியுண்ணி. மீனோ கோழியோ சமைக்காத வீட்டினர், கடையில் விற்கும் பூனை உணவை வாங்கித் தர மனம் ஒப்பினால் மட்டும் பூனையை எடுப்பது நியாயம். இன்னொன்று, பினாயில். துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் அப்படியே. அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். அடுக்குமாடி வீடென்றால் பால்கனிக்கு வலை அடித்த பிறகே பூனை வர வேண்டும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவையுங்கள். தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய்களுள் புதிதாக வந்தவற்றுக்கு வீட்டு வழி தெரியாது. அந்த ஒரு வாரம் வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக்கொண்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லையெனில், தெருமுனையில் விடாமல், எடுத்த காப்பகத்திடமே சொல்லித் திருப்பி ஒப்படையுங்கள். அதற்கு இசைவு உண்டா என்பதை எடுக்கும் நாளிலேயே கேட்டுவைத்துக்கொள்ளலாம்.