ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறதா? ரீசெட் பட்டனை விட்டுவிடுங்கள்

ரவுட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கினால் பலரும் முதலில் செய்வது, பின்பக்கத்துச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் அடிப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் மட்டுமல்ல, பல ரவுட்டர்களில் இணைப்புக்குத் தேவையான யூசர்நேமும் மற்ற செட்டிங்குகளும் அதோடு அழிந்துவிடும். அப்படி அழிந்தால் ரவுட்டர் ஒழுங்காக எரிந்தாலும் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் கம்பனிக்குப் போன் அடித்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீடுகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் கரண்ட், சூடு, பிளக் இந்த மூன்றில்தான் இருக்கிறது, செட்டிங்கில் அல்ல.

முதலில், அது உண்மையிலேயே ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். இன்டர்நெட் நின்றவுடன் 'ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுது' என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. பவர் லைட் உட்பட எல்லா லைட்டும் ஒரேயடியாக அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தால் அது ரீஸ்டார்ட். பவர் லைட் அசையாமல் எரிந்துகொண்டிருக்க, ஃபைபரில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) லைட் மட்டும் சிவப்பாக வந்தாலோ, பழைய டெலிபோன் லைனில் டிஎஸ்எல் லைட் மட்டும் மின்னினாலோ கோளாறு லைனில் இருக்கிறது, ரவுட்டரைத் தொட்டுப் பயனில்லை. சந்தேகமாக இருந்தால் வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போய் 'அப்டைம்', அதாவது கடைசியாக எரிந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள் (சில 4ஜி ரவுட்டர்களுக்கு 192.168.8.1, சரியான இலக்கம் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்). நேற்று முழுக்க ஓடிய ரவுட்டரில் அப்டைம் இருபது நிமிடம் என்று காட்டினால் விஷயம் தெளிவு.

அடுத்தது அடப்டர். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடப்டரின் லைட் எரிகிறது, மல்டிமீட்டரில் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது, ஆகவே அடப்டர் நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அளவு ரவுட்டரில் செருகாமல் சும்மா பார்த்தது. உள்ளே கரண்டைச் சீராக வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து உலர்ந்துபோனால், சுமை இல்லாதபோது 12 காட்டும் அதே அடப்டர், ரவுட்டர் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும் நொடியில் சட்டென்று கீழே இறங்கும். அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எரியும். இரவில் வீட்டில் எல்லாரும் வீடியோ பார்க்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு பொதுவான காரணம், ஏனென்றால் வைஃபை கடுமையாக வேலை செய்யும்போதுதான் அது கூடுதலாகக் கரண்ட் கேட்கும். ஆட்கள் அதை 'நெட்வேர்க் நெரிசல்' என்று நினைத்துப் பெக்கேஜை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க் செருகி வைத்திருந்தால் அதையும் முதலில் கழற்றுங்கள், அதுவும் இதே அடப்டரிலிருந்துதான் இழுக்கிறது.

அதற்காக வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடப்டரை, பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடவும் கூடாது. வோல்ட் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும், 12 என்றால் 12, 9 என்றால் 9. அம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 1.5 அம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 அம்பியர் அடப்டர் போட்டால் லைட் எரியும், ஆனால் நீங்கள் தவிர்க்க நினைத்த ரீஸ்டார்ட் அப்படியே தொடரும். ஸ்டிக்கரில் இருக்கும் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இலங்கையில் 2022இல் ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்திலிருந்து நம் வீடுகளில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல பொருள்தான். ஆனால் பற்றரி களைத்த யூபிஎஸ், கரண்ட் போகாத நேரத்திலும் ரவுட்டரை ஆட்டிவைக்கும். அதை ஒரு நாள் முழுக்கக் கழற்றிவிட்டு ரவுட்டரை நேரடியாகச் சுவரில் கொடுத்துப் பார்க்காமல் புதிய ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் நம் திருகோணமலைக் காற்று. திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டிய இடங்களில் இரும்பு ஜன்னல் என்ன பாடுபடுகிறது என்று தெரியும்தானே, அதே உப்புத்தான் அடப்டர் பின்னிலும் பிளக்கிலும் படிகிறது. பின்னை மெதுவாக அசைத்துப் பாருங்கள், ரவுட்டர் அணைந்து எரிந்தால் காரணம் அங்கேதான். கரண்டைக் கழற்றிவிட்டு கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கலாம், தண்ணீரும் எண்ணெயும் வேண்டாம். உருண்டைப் பின், சதுரப் பின் இரண்டும் கலந்து கிடக்கும் வீடுகளில் கன்வெர்ட்டர் மேல் கன்வெர்ட்டர் போடுவதும், ஃப்ரிட்ஜ் கொடுத்திருக்கும் அதே மல்டிபிளக்கில் ரவுட்டரையும் கொடுப்பதும் இதே கதைதான். தண்ணீர் மோட்டர் போடும் நேரத்தில் ரவுட்டர் அணைகிறது என்றால் அடப்டரை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டு வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மோட்டர் தொடங்கும்போது வோல்ட் அந்தளவு விழுவது மற்றப் பொருட்களுக்கும் நல்லதல்ல.

சூட்டைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 40 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஜூன், ஜூலையில் கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே, அதுவும் ஷோகேஸ் கண்ணாடிக்குள், டிவி பெட்டிக்கு மேலே, தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடிய ரவுட்டர் என்ன செய்யும்? மதியம் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் துணியை எடுத்து, திறந்த இடத்தில் வைத்து, ஒரு ஃபேனைத் திருப்பிவிடுங்கள். நின்றுவிட்டால் காரணம் சூடு. இடத்தை மாற்றினால் போதும், செலவில்லை.

ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலுக்கு சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது, பிளக்கை இழுத்து வெளியே எடுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் வராது என்று பலர் சொல்வார்கள். அந்த இழையைப் பற்றிச் சொன்னால் சரி, ஆனால் கரண்ட் வயரிலும், வெளியே இருக்கும் சிசிடிவிக்குப் போகும் கேபிளிலும் வரும். அப்படி ஒரு அடி வாங்கிய ரவுட்டர் உடனே சாகாமல், சில வாரம் கழித்துத் தானாக அணைந்து எரியத் தொடங்குவதும் உண்டு.

ஃபெர்ம்வெயர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், அதன் அப்டேட் சில வேளைகளில் உண்மையாகவே உதவும். ஆனால் அடிக்கடி அணையும் ரவுட்டரில் அதைத் தொடங்குவது ஆபத்து. பாதி அப்டேட்டில் அணைந்தால் ரவுட்டர் எழும்பாமலே போகலாம். கரண்டும் சூடும் சரியான பிறகு, அதே மொடலுக்கும் அதே வெர்ஷனுக்கும் உரிய ஃபைலைத்தான் போட வேண்டும். கம்பனி கொடுத்த ரவுட்டர் என்றால் நீங்கள் போடவே வேண்டாம், அவர்கள் அங்கிருந்தே போடுவார்கள். தினமும் ஒரே நேரத்தில், நிமிடம் பிசகாமல் அணைகிறது என்றால் உள்ளே செட்டிங்கில் 'ஷெட்யூல் ரீபூட்' (குறித்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆவது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில ரவுட்டர்களில் அது இருக்கிறது.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. அடப்டர், இடம், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒன்றை மாற்றி, வழமையாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அணையுமோ அதைவிடக் கூடுதலாகப் பொறுத்திருந்து பாருங்கள். அணையும் நேரத்தையும் அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல அடப்டர், குளிர்ந்த இடம், நேரடிப் பிளக் எல்லாம் கொடுத்தும் அணைந்தால் பழுது ரவுட்டருக்குள் இருக்கிறது. கம்பனியின் ரவுட்டரைத் திறக்காமல் அந்தத் தாளோடு அவர்களுக்கு அழையுங்கள். 'எல்லா லைட்டும் அணைந்து எரிகிறது, வேறு அடப்டரும் போட்டுப் பார்த்தேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்ற பதிலோடு பேச்சு முடியாது.