‘எங்கள் ஊர்’ என்று எழுதுவதா, ‘நம் ஊர்’ என்று எழுதுவதா?

பண்டிகை அழைப்பிதழோ, மனுவோ, அறிவிப்புப் பலகையோ எழுத உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, படிப்பவரை உள்ளே அமர்த்திப் பேசுகிறோமா, வெளியே நிறுத்திப் பேசுகிறோமா என்பதைத்தான். தமிழில் தன்மைப் பன்மையே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ‘நாம்’ என்றால் கேட்பவரும் அதில் அடக்கம், ‘நாங்கள்’ என்றால் அவர் அதில் இல்லை.

இதன் கனத்தை நான் ஓர் அழைப்பிதழில்தான் கற்றேன். தருமபுரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் மாரியம்மன் பண்டிகைக்கு, ‘எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு வருகை தர வேண்டுகிறோம்’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் போனில் கூப்பிட்டு, “ஏம்ப்பா, அப்போ எனக்கு அது ஊரில்லையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று முதல் அழைப்பிதழை இரண்டு விதமாக எழுதுகிறேன்: பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்களுக்கு ‘நம் ஊர்’; பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ‘எங்கள் ஊர்’.

ஓசூர்ப் பக்கம் எழுதுபவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். தெலுங்கில் ‘மனம்’, ‘மேமு’ என்று இதே பிரிவு உண்டு. இன்றைய கன்னடத்திலோ இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றுதான். ஆகவே வீட்டில் கன்னடம் பேசுபவர், ‘நாம்’ வர வேண்டிய இடத்தில் ‘நாங்கள்’ என்று தமிழில் சொல்லிவிட்டால், நம்மை விலக்கிப் பேசுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து ‘அயலார்’. அயல் என்றால் பக்கம், அருகு என்று பொருள். ‘அண்டை அயல்’ என்பதில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘அசலூர்’ என்பதில் உள்ள அசலும் இந்த அயல்தான். ‘அசல் நெய்’ என்னும்போது வருவது வேறு சொல். அருகில் இருந்தும் நம்மவர் அல்லாதவரைக் குறிக்க ‘அயலார்’ பொருந்தும். ‘அந்நியர்’ அப்படியன்று, அது ‘வேறு’ என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது, அருகாமையின் சாயல் அதில் சிறிதும் இல்லை. மாங்கூழ் ஆலை ஒன்றின் வாயிலில் ‘அந்நியர் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பலகை தடுக்க நினைப்பது அனுமதி பெறாதவரை. ஆனால் அது சொல்வது, ‘நீ எங்களைச் சேர்ந்தவன் அல்ல’ என்பதை. ‘அனுமதி பெறாதவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதினால் காரியமும் நடக்கும், யார் மனமும் நோகாது. ‘வந்தேறி’ என்ற சொல்லை எந்த அறிவிப்பிலும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘வெளிமாவட்டத்தார்’ என்பதை அலுவலகத் தாள்களோடு நிறுத்திக்கொள்ளலாம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி மாவட்டம். 2004இல் அதிலிருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி. அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கோடு வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

‘விருந்தினர்’ என்னும் சொல்லை எழுதும்போது அதன் வேரை நினைத்துக்கொள்வது நல்லது. விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. முன்பின் அறியாமல் புதிதாக வந்தவரே விருந்தினர், உறவினர் அல்லர். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றின் 101ஆம் பாடல், ஒரு நாள் இரு நாள் அல்லாமல் பல நாள் பலரோடு சென்றாலும் அவன் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பான் என்கிறது. பழகப் பழகப் புதுமை தேயும் என்பதை அறிந்தே ஔவை அதைப் பாராட்டினார் என்று நினைக்கிறேன். எனவே அழைப்பிதழில் மாமன் மச்சான்களை ‘விருந்தினர்’ பட்டியலில் சேர்க்காமல், ‘உற்றார் உறவினர்’ என்றே எழுதுங்கள். ‘சுற்றம்’ என்றும் எழுதலாம். சுற்றி நிற்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது. ஓசூரில் தெலுங்கு பேசுபவர்கள் உறவினரைச் ‘சுட்டாலு’ என்பதும் அந்த வேரிலிருந்தே.

மனு எழுதும்போது தடுமாற வைப்பது ‘சொந்தக்காரர்’. உடைமையாளருக்கும் உறவினருக்கும் அந்த ஒரே சொல்தான் வழங்குகிறது. ‘நிலத்தின் சொந்தக்காரர் வந்தார்’ என்றால் பொருள் தெளிவு. ‘எங்கள் சொந்தக்காரர் நிலம்’ என்று தொடர்ந்து எழுதும்போது குழப்பம் தொடங்குகிறது. முன்னதற்கு ‘உரிமையாளர்’ என்றும் பின்னதற்கு ‘உறவினர்’ என்றும் பிரித்து எழுதுங்கள். ‘பங்காளி’யும் அப்படித்தான்: பங்கு உள்ளவர் என்றும் பொருள், தந்தை வழி உறவினர் என்றும் பொருள். ‘என் பங்காளி’ என்று மட்டும் எழுதாமல் ‘என் பெரியப்பா மகன்’ என்று முறையைச் சொல்லிவிட்டால், மனுவைப் படிக்கும் அலுவலர் யார் எவர் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.