அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்து கம்பளி விலங்கு) தோல்ல நோய் எதிர்ப்பு செல்களை எண்றது எப்படி? (ஆரோக்கியமான தோல்ல!)

நோயே இல்லாத தோல்ல எதுக்கு எண்ணணும்? சொறிப்பூச்சி புடிச்ச அல்பாக்காவோட பயாப்ஸி (தோல் துண்டை எடுத்துப் பாக்குற) ரிப்போர்ட்ல "செல் அதிகம்"னு எழுதுறோம்ல, எதைவிட அதிகம்னு சொல்ல நார்மல் கணக்கு வேணும். பெங்களூர்ல நாம தினமும் பாக்குறது நாய், மாடு ஸ்லைடுதான், அந்தக் கணக்கைத் தூக்கி இதுக்கு வைக்க முடியாது.

1. தோல் துண்டை ஃபார்மலின்ல கெடாம வெச்சு, பாரஃபின் மெழுகுல பதிச்சு, 4 மைக்ரான் கனத்துல கட்டிங், வழக்கம்போலதான்.

2. மாஸ்ட் செல்லுக்கு (அலர்ஜியில வேலை செய்ற எதிர்ப்பு செல்) டொலூயிடின் ப்ளூ சாயம், பிஹெச் 2.3 கிட்ட, 2-3 நிமிஷம். சுத்தி எல்லாம் நீலமா இருக்கும், மாஸ்ட் செல் மட்டும் ஊதா. அலசுறதுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், நம்ம ஊர் போர்வெல் தண்ணி கிட்டயே வரக்கூடாது. ஆல்கஹால்ல சும்மா முக்கி எடுங்க, ஊறவெச்சா கலர் போயிடும்.

3. டி செல், பி செல்னு ரெண்டு வகை வெள்ளை அணு இருக்கு. டி செல்லை அடையாளம் காட்டுற புரதம் சிடி3, பி செல்லுக்கு சிடி79ஏ. அந்தப் புரதத்துல போய் ஒட்டுற ஆன்டிபாடியைப் போட்டுத்தான் கலர் பண்ணணும். அல்பாக்காவுக்குன்னு தனி ஆன்டிபாடி தேடி அலைய வேணாம், பல விலங்குக்கும் ஒத்துவர்றதை எடுத்து, அல்பாக்கா நிணநீர் முடிச்சை கன்ட்ரோலா (ஒத்துப்பாக்குறதுக்கு) வெச்சு முதல்ல டெஸ்ட் பண்ணிடுங்க.

4. இப்ப எண்றது, எல்லாரும் மாட்டுறது இங்கதான். "40எக்ஸ்ல ஒரு ஃபீல்டுக்கு இத்தனை செல்"னு எழுதினா அதுக்கு அர்த்தமே இல்ல, ஏன்னா ஃபீல்டு சைஸ் மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் மாறும். ஐபீஸ்ல (கண் வைக்கிற லென்ஸ்) ஃபீல்டு நம்பர் 22னு போட்டிருந்தா 22-ஐ 40-ஆல வகுங்க, விட்டம் 0.55 மிமீ, பரப்பு சுமார் 0.24 சதுர மிமீ. 18னு போட்டிருந்தா 0.16 தான். ஒரே ஸ்லைடு, ஒரே ஆள், ஆனா கணக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம்! அதனால எப்பவும் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனைன்னு எழுதுங்க. அப்புறம் ரத்தக்குழாய் ஓரமா செல் கூட்டமா இருக்கும், அங்க மட்டும் எண்ணினா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல நின்னுட்டு பெங்களூர் முழுக்க இப்படித்தான்னு சொல்ற கதை. டெர்மிஸை (தோலோட உள் அடுக்கு) மேல், கீழ்னு பிரிச்சு தனித்தனியா, இடம் பொறுக்காம வரிசையா எண்ணுங்க.

ஸ்லைடு ஸ்கேனர் கிடைச்சா க்யூபாத் சாஃப்ட்வேர் போதும், இலவசம், வரைஞ்ச இடத்தோட பரப்பை அதுவே சொல்லிடும். இமேஜ்ஜே சாஃப்ட்வேர்ல ஸ்கேல் செட் பண்ணிட்டு உக்காந்திருக்க எனக்குப் பொறுமை இல்ல.

அப்டேட்: சிடி3 போட்டா முடி வேர் பக்கமெல்லாம் பிரவுனா வருதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. கருப்பு, காபி கலர் அல்பாக்காவா? அப்ப அது மெலனினா (இயற்கை நிறமி) இருக்கலாம், ஆன்டிபாடி ஒட்டின இடத்தைக் காட்டுற டிஏபி சாயத்தோட பிரவுனும் அதுவும் பாக்க ஒரே மாதிரிதான். ஆன்டிபாடி போடாத ஸ்லைடு ஒண்ணைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதுலயும் பிரவுன் இருந்தா ஏஇசி மாதிரி சிவப்பு கலர் வர்றதுக்கு மாறிடுங்க.