அரசியல் சிந்தனையாளர்களைப் படிக்கும் முன் நான்கு வரி

பிளேட்டோ முதல் மார்க்ஸ் வரை கருத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்தால், தேர்வு முடிந்ததும் எல்லாம் மறந்துபோகும். ஒரு நூலைத் திறக்கும் முன், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸை எடுத்துக்கொள்வோம். 1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. 1640லேயே பாரிஸுக்குத் தப்பிச் சென்றிருந்த ஹாப்ஸின் ‘லெவியத்தான்’ 1651இல் வெளிவந்தது. இப்போது அதன் 13ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். ‘இயற்கை நிலை’யில், அதாவது பொது அதிகாரம் இல்லாத இடத்தில், பயிர்த்தொழில் இல்லை, கடற்பயணம் இல்லை, கலைகள் இல்லை, ஓயாத மரண பயம்தான் உண்டு என்கிறார். போரைக் கண்டு நடுங்கிய மனிதரின் குரல் அது!

சூடு ஆறும் முன் இன்னொரு ஆங்கிலேயச் சிந்தனையாளரான ஜான் லாக்கின் ‘அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை’யில் 2ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். அதே இயற்கை நிலைதான், ஆனால் அங்கே பகுத்தறிவே சட்டம். பிறர் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எந்த வழிகாட்டி நூலையும்விட மேல் என்பேன்.

ஒரு எச்சரிக்கை: அச்சான ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். இத்தாலியச் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பதவி இழந்து, சிறையில் வதைபட்டு, 1513இல் எழுதிய ‘இளவரசன்’ 1532இல்தான் அச்சேறியது. அவர் இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.